ஆர்சி கார்ல பவர் பிரச்சனை: வண்டி என்ன பண்ணுதுன்னு பாத்து எங்க கை வைக்கணும்

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க ஏழெட்டு பேர் தாம்பரத்துக்கு அந்தாண்ட ஒரு காலி மனைல ஆர்சி வண்டி (ரிமோட்ல ஓடுற கார்) ஓட்டுவோம், வாரத்துக்கு ஒருத்தர் வண்டியாவது நட்ட நடுவுல படுத்துரும், உடனே எல்லார் வாயிலயும் வர்ற முதல் வார்த்தை "ஈஎஸ்சி போச்சுடா". ஈஎஸ்சின்னா பேட்டரில இருந்து மோட்டாருக்கு போற பவரை கூட்டி குறைக்கிற சின்ன போர்டு. நாலு வருஷமா இதையே கழட்டி மாட்டி பாத்ததுல எனக்கு ஒண்ணு தெளிவா புரிஞ்சுது, முக்காவாசி நேரம் கோளாறு பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவுல இருக்குற அந்த நாலு இன்ச்ல தான் இருக்கு, அதாவது பிளக்கு, அதுல வச்ச ஈயம், அந்த வயர். அதை பாக்காம புது ஈஎஸ்சி வாங்கி மாட்டி, ரெண்டு வாரத்துலயே அதே பிரச்சனையோட நின்னிருக்கேன், அந்தக் கதை கீழ வருது.

1/10 சைஸ் வண்டி (நிஜ வண்டில பத்துல ஒரு பங்கு), 2எஸ் லைப்போ (ரெண்டு செல் இருக்குற லித்தியம் பாலிமர் பேட்டரி) இல்லன்னா 7.2 வோல்ட் நிக்கல் பேக், இதை வச்சு தான் எழுதுறேன். சின்ன வண்டிக்கும் வழி இதே தான். காசு செலவில்லாத செக்கு முதல்ல, பார்ட் மாத்துறது கடைசில.

## கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஒரு மல்டிமீட்டர் வேணும், ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற மஞ்ச கலர் சாதா மீட்டரே போதும், டிசி 20 வோல்ட் ரேஞ்சுல வச்சுக்கோங்க. ஆம்பியர் ரேஞ்சுல வச்சு பேட்டரியை தொட்டுறாதீங்க, அது நேரா ஷார்ட் பண்றதுக்கு சமம். அப்புறம் ஒரு லைப்போ செக்கர், பேட்டரியோட சின்ன வெள்ளை பேலன்ஸ் பிளக்குல சொருகுனா ஒவ்வொரு செல்லும் எவ்ளோன்னு காட்டும். நாலு ஏஏ செல் போடுற ஹோல்டர் ஒண்ணு, ஒரு பழைய டூத்பிரஷ். இவ்ளோ தான்.

வண்டியை ஒரு டப்பா மேல வச்சு நாலு சக்கரமும் அந்தரத்துல நிக்கட்டும். ரிமோட்டை முதல்ல ஆன் பண்ணுங்க, கடைசியா ஆஃப் பண்ணுங்க. கையில மோதிரம், பிரேஸ்லெட் இருந்தா கழட்டி வச்சுருங்க, லைப்போ ஷார்ட் ஆனா விரலோட சேத்து சுட்ரும்.

## சுவிட்ச் போட்டா ஒண்ணுமே இல்ல, ஒரு லைட் கூட எரியல

முதல்ல பேட்டரி பிளக்குலயே வோல்ட் பாருங்க. 2எஸ் ஃபுல்லா 8.4 காட்டணும், 7.4க்கு மேல இருந்தா வண்டி எந்திரிக்கணும். 6.4க்கு கீழ இருந்தா கடைசி தலைப்புக்கு போங்க, இங்க நேரத்தை வீணாக்க வேணாம்.

பேட்டரி நல்லா இருக்கா, இப்ப ரெண்டையும் மாட்டிட்டு ஈஎஸ்சிக்குள்ள சிவப்பு கருப்பு வயர் போற இடத்துல மீட்டரை வைங்க. அங்க ஜீரோன்னா பிளக்கு தான். மீட்டரை எடுக்காம வயரை பிளக்குக்கு பக்கத்துல லேசா வளைச்சு வளைச்சு பாருங்க, நம்பர் திடீர்னு வந்து வந்து போனா அங்க தான் உள்ள ஈயம் விட்டிருக்கு.

அங்கயும் வோல்ட் வருது ஆனா உயிர் இல்லன்னா அடுத்து சுவிட்ச். அந்த சின்ன தள்ளு சுவிட்சுக்குள்ள செம்மண்ணு பூந்துரும், மழைக்கு அப்புறம் ஓட்டுனா துருவும் சேந்துரும். பேட்டரியை கழட்டிட்டு இருவது தடவை இப்படி அப்படி தள்ளுங்க, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒரு சொட்டு விடுங்க. பாதி நேரம் இதுலயே வந்துரும்.

வரலையா, ரிசீவர்ல (ரிமோட் சிக்னலை வாங்குற குட்டி டப்பா) இருந்து ஈஎஸ்சி பிளக்கை உருவுங்க. மூணு வயர் இருக்கும், நடு வயர் சிவப்பு, ஓரத்துல கருப்பு இல்ல பிரவுன், இந்த ரெண்டுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. 5ல இருந்து 6 வோல்ட் வரணும், சில ஈஎஸ்சில 7.4 கூட இருக்கும். இங்க சரியா வந்து, ரிசீவர்ல மாட்டுனதும் செத்துப்போகுதுன்னா சர்வோவை (ஸ்டியரிங்கை திருப்புற குட்டி மோட்டார்) உருவிட்டு திரும்ப மாட்டி பாருங்க. உள்ள ஷார்ட்டான சர்வோ ஒண்ணு மொத்த லைனையும் கீழ இழுத்துரும், பாக்க ஈஎஸ்சி செத்த மாதிரியே இருக்கும்.

மீட்டர்லயே ஒண்ணும் வரலன்னா ஈஎஸ்சிக்குள்ள இருக்குற பிஈசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பவர் கொடுக்குற பகுதி) போயிருக்கு. அதை உறுதி பண்ண, ஈஎஸ்சியை மாட்டாம ஏஏ செல் ஹோல்டரை ரிசீவர்ல பேட்டரி போடுற இடத்துல சொருகுங்க. ஸ்டியரிங் உயிர் வந்து திரும்புனா ரிசீவரும் சர்வோவும் நல்லா இருக்கு. அப்ப புது ஈஎஸ்சி வாங்குறதுக்கு முன்னாடி தனியா ஒரு சின்ன பிஈசி வாங்கி பேட்டரில இருந்து எடுத்து ஓட்டலாம், ஆனா ஈஎஸ்சி பிளக்குல இருக்குற நடு சிவப்பு பின்னை கழட்டி டேப் சுத்தி விட்டுரணும், மறந்துறாதீங்க.

கருகுன வாசனை வந்தா, கவர் உப்பியிருந்தா, ஓரத்துல கருப்பு கறை இருந்தா திரும்ப பேட்டரியை சொருகி பாக்க வேணாம். போர்டு லெவல்ல சர்வீஸ் பண்றவங்க கிட்ட கொடுங்க, சாதா பிரஷ்டு ஈஎஸ்சின்னா (கார்பன் பிரஷ் வச்ச ரெண்டு வயர் மோட்டாருக்கானது) புதுசு வாங்குறதே கட்டுப்படி ஆகும்.

## லைட் எரியுது, ஸ்டியரிங் திரும்புது, மோட்டார் மட்டும் சுத்தல

ரிமோட்ல த்ராட்டில் டிரிம் (ஆக்சிலரேட்டரோட நடு நிலையை சரி பண்ற குமிழ்) நடுவுல இருக்கான்னு பாருங்க. பைக்குள்ள போட்டு எடுத்துட்டு வரும்போது அந்த குமிழ் நகந்துரும், ஈஎஸ்சிக்கு நியூட்ரல் கிடைக்கலன்னா பீப் பீப்னு கத்திட்டே நிக்கும், நகராது. டிரிமை நடுவுல வச்சு, மேனுவல்ல சொன்ன மாதிரி ஒரு தடவை காலிபரேஷன் (ரிமோட்டோட நடு, முழு நிலையை ஈஎஸ்சிக்கு காட்டுறது) பண்ணுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் லைட்டு மின்னுற கணக்கு வேற வேற, அதனால மேனுவலை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.

ஈஎஸ்சில லைப்போ, நிக்கல் செலக்ட் பண்ற ஜம்பர் இருந்தா அதையும் பாருங்க. நிக்கல் பேக்கை போட்டுட்டு ஜம்பர் லைப்போல இருந்தா வண்டி சீக்கிரமே கட் ஆகும், அது தொந்தரவு மட்டும் தான். லைப்போ போட்டுட்டு ஜம்பர் நிக்கல்ல இருந்தா நேரத்துக்கு கட் ஆகாது, பேட்டரி செத்துரும், அது நஷ்டம்.

பிரஷ்டு மோட்டார்னா வேலை சுலபம். ரெண்டு வயரையும் ஈஎஸ்சில இருந்து கழட்டிட்டு ஏஏ ஹோல்டரை நேரா மோட்டார்ல தொடுங்க. சுத்துனா மோட்டார் ஓகே. சுத்தலன்னா தொட்டுட்டே ஸ்க்ரூடிரைவர் பிடியால மோட்டார் டப்பாவை லேசா தட்டுங்க, தட்டுனதும் விருட்டுன்னு கிளம்புனா கார்பன் தேஞ்சு போச்சு, மூடுன டப்பா மோட்டார்னா மாத்திர வேண்டியது தான். மோட்டார் நல்லா இருந்தா ஈஎஸ்சியோட மோட்டார் வயர்ல மீட்டரை வச்சு ஃபுல் த்ராட்டில் கொடுங்க, கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட்டே வரணும். வரலன்னா அப்ப தான் ஈஎஸ்சி போச்சுன்னு சொல்லலாம்.

பிரஷ்லெஸ் மோட்டாரை (கார்பன் இல்லாத, மூணு வயர் மோட்டார்) நேரா பேட்டரில தொடவே கூடாது, காயில் போயிரும். அதுக்கான செக்கு கீழ தனியா இருக்கு.

## மெதுவா போனா ஓகே, டக்குனு அமுக்குனா மொத்தமா செத்து திரும்ப உயிர் வருது

இது தான் எங்க குரூப்ல அதிகமா வர்றது, அதிகமா ஏமாத்துறதும் இது தான். ஏன்னா வண்டியை தூக்கி வச்சு பாத்தா எல்லாம் சரியா இருக்கும், மீட்டர்ல 8.2 காட்டும், சக்கரம் பறக்கும். தரைல விட்டு அமுக்குனா ஸ்டியரிங் கூட செத்து ஒரு செகண்ட் கழிச்சு பீப் அடிச்சு எந்திரிக்கும். அதாவது லோடு விழும்போது வோல்ட் சரிஞ்சு ரிசீவர் ஆஃப் ஆகி ஆன் ஆகுது. சும்மா நிக்கும்போது எடுத்த வோல்ட்டை நம்பி யாரும் எதையும் முடிவு பண்ணாதீங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு பத்தாது.

முதல் செக்கு, கை. நல்லா ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு வந்து உடனே பிளக்கை தொட்டு பாருங்க. பேட்டரியை விட, மோட்டார் வயரை விட பிளக்கு சூடா இருந்தா அங்கயே விஷயம் முடிஞ்சுது.

ரெண்டாவது, மீட்டர். இது ரெண்டு பேர் வேலை. வண்டி மூக்கை செவுத்துல முட்டி வைங்க, ஒருத்தர் வண்டியை அமுக்கி பிடிக்கணும், பேலன்ஸ் பிளக்குல லைப்போ செக்கர் மாட்டியிருக்கணும், மீட்டரோட ரெண்டு முனையையும் ஒரே சிவப்பு வயர்ல வைங்க, ஒண்ணு பேட்டரி பக்கத்து ஈயத்துல, இன்னொண்ணு பிளக்கு தாண்டி ஈஎஸ்சி பக்கத்து ஈயத்துல. இப்ப ஒரே ஒரு செகண்ட் த்ராட்டில், அதுக்கு மேல வேணாம், மோட்டார் சூடாயிரும். பிளக்கு நல்லா இருந்தா மீட்டர் ஜீரோ பக்கத்துலயே நிக்கும். 0.3, 0.5ன்னு ஏறுனா அந்த வோல்ட் எல்லாம் பிளக்குலயே எரிஞ்சு போகுதுன்னு அர்த்தம். கருப்பு வயர்லயும் இதே மாதிரி பாருங்க. பிளக்கு ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்து, செக்கர்ல ஒரு செல் மட்டும் 3 வோல்ட்டுக்கு கீழ தொபுக்குன்னு விழுந்தா பேட்டரி தான் கிழடு.

என் கதை இது தான். 2 வீல் டிரைவ் டிரக்கு, வாங்கும்போதே வந்த வெள்ளை பிளாஸ்டிக் பிளக்கு. ஒரு மாசமா இதே பிரச்சனை, ஈஎஸ்சி மாத்துனேன், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு (மாத்தும்போது பிளக்கை உருவி திரும்ப சொருகுனதால பின்னு கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அதான்), திரும்ப ஆரம்பிச்சுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சின்ன கடைல உக்காந்திருந்த அண்ணன் கிட்ட பழைய ஈஎஸ்சியை நீட்டுனேன், அவர் அதை வாங்கவே இல்ல. "தம்பி, முதல்ல அந்த பிளக்கை காட்டு" ன்னு வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாரு. வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஓட்டையை சுத்தி மட்டும் டீ கலர்ல இருந்துச்சு. ஊசியால பின்னை பின்னாடி தள்ளி எடுத்தாரு, ஒரு பின்னு பித்தளையா மின்னுது, இன்னொண்ணு நீலமும் கருப்புமா, அந்த குழாய் வாய் விரிஞ்சு போய் லொடலொடன்னு இருக்கு. "நாப்பது ஆம்பியர் இதுக்குள்ள எப்படி போகும்?" ன்னு கேட்டாரு. சரியான கேள்வி. எக்ஸ்டி60 பிளக்கு ரெண்டு பக்கமும் மாத்துனதுக்கு அப்புறம் அந்த வண்டி இன்னைக்கு வரைக்கும் கட் ஆகல.

பிளக்கு மாத்தும்போது ரெண்டு மூணு விஷயம். 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் இந்த தடி வயருக்கு பத்தாது, குறைஞ்சது 60 வாட்ஸ் வேணும், இல்லன்னா ஈயம் மேல மட்டும் ஒட்டி உள்ள பிடிக்காது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதா ஈயம் சரியா பிடிச்சா பளபளன்னு இருக்கும், சாம்பல் கலர்ல கரடுமுரடா இருந்தா திரும்ப பத்த வைங்க, ஆறுனதும் வயரை பிடிச்சு நல்லா இழுத்து பாருங்க. எக்ஸ்டி60ல சூடு வைக்கும்போது எதிர் ஜோடியை சொருகி வச்சுக்கோங்க, பிளாஸ்டிக் இளகுனாலும் பின்னு கோணலாகாது. ஹீட் ஷ்ரிங்க்கை (சூடு காட்டுனா சுருங்குற குழாய்) முதல்லயே வயர்ல கோத்துருங்க. பேட்டரி பக்கத்து வயரை ஒரே நேரத்துல ரெண்டையும் வெட்டாதீங்க, கட்டிங் பிளேயரே ஷார்ட் பண்ணிரும். ஒண்ணை வெட்டி, பத்த வச்சு, ஷ்ரிங்க் போட்டு மூடிட்டு தான் அடுத்தது.

பெசன்ட் நகர் மணல்ல ஓட்டுறவங்க இன்னும் அடிக்கடி பாக்கணும், உப்புக்காத்துல பின்னுல பச்சைக் களிம்பு பிடிச்சுரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால தேச்சு பாருங்க, தேச்சும் போகலன்னா மாத்திருங்க.

பிளக்கும் பேட்டரியும் சுத்தம், ஆனா ஸ்டியரிங் திருப்பும்போது தான் கட் ஆகுதுன்னா அது வேற ஆளு. சர்வோவை உருவிட்டு நேர்கோட்டுல ஓட்டி பாருங்க, பிரச்சனை காணாம போனா சர்வோ தான் பிஈசியை உறிஞ்சுது. எங்க அக்கா பையன் வண்டி வலது பக்கம் திருப்புனா மட்டும் சாகும். சர்வோ கொம்பு சேசிஸ்ல முட்டி நின்னுட்டு இருந்துச்சு, காதை கிட்ட வச்சா ம்ம்ம்ம்னு முனகும். ரிமோட்ல ஸ்டியரிங் எண்ட் பாயிண்ட்டை (எவ்ளோ தூரம் திரும்பணும்ங்கிற எல்லை) முனகல் நிக்கிற வரைக்கும் குறைச்சோம், ஒத்த ரூபா செலவில்ல. அதுக்கு அப்புறமும் இருந்தா ரிசீவர்ல காலியா இருக்குற சேனல்ல 4700 மைக்ரோஃபேரட், 10 வோல்ட் இல்ல 16 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு சொருகலாம், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது, மாறுனா வெடிக்கும். பெரிய மெட்டல் கியர் சர்வோ போட்டவங்களுக்கு தனி பிஈசி தான் சரியான வழி.

## அஞ்சு நிமிஷம் நல்லா ஓடிட்டு நிக்குது, ஆறுனா திரும்ப ஓடுது

எது சூடுன்னு பாருங்க, அது தான் வழி காட்டும். விரலை மூணு செகண்ட் வைக்க முடியலன்னா அதிகம்.

மோட்டாரும் ஈஎஸ்சியும் ரெண்டுமே கொதிச்சா பெரும்பாலும் எங்கயோ இறுக்கமா இருக்கு. பினியனை (மோட்டார் ஷாஃப்ட்ல இருக்குற சின்ன கியர்) தள்ளி வச்சுட்டு வண்டியை கையால உருட்டுங்க, வழுக்கிட்டு போகணும். போகலன்னா ஒவ்வொரு சக்கரமா கழட்டி பேரிங் பாருங்க, முடி, நூல், புல்லு எல்லாம் சுத்திட்டு இருக்கும். அப்புறம் கியர் இடைவெளி: நோட்டு பேப்பர் ஒரு துண்டு கிழிச்சு பினியனுக்கும் ஸ்பருக்கும் (அது சுத்துற பெரிய கியர்) நடுவுல ஓட்டி எடுங்க, மடிப்பு மடிப்பா வெளிய வரணும், கிழிஞ்சு வந்தா ரொம்ப இறுக்கம். ஸ்பீடுக்காக பெரிய பினியன் போட்டிருந்தா ரெண்டு பல்லு குறைங்க. அக்கினி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு, மூடுன பாடியோட, புல்லுல ஓட்டுனா நல்ல வண்டியே நிக்கும், பாடில பின்னாடி ஒரு ஓட்டை வெட்டி விடுங்க.

ஈஎஸ்சி மட்டும் சூடுன்னா மேல இருக்குற குட்டி ஃபேன் சுத்துதான்னு பாருங்க, மண்ணு அடைச்சு நின்னிருக்கும். மோட்டார் மட்டும் சூடு, அதுவும் பழைய பிரஷ்டு மோட்டார்னா அதோட ஆயுசு முடிஞ்சுது. எதுவுமே சூடில்லாம நிக்குதுன்னா பேட்டரி லோ வோல்ட் கட் தான், உடனே செக்கர் போட்டு செல் ஒவ்வொண்ணும் பாருங்க.

## பிரஷ்லெஸ் மோட்டார் தடதடன்னு உதறுது, நகர மாட்டேங்குது

மோட்டார்ல இருந்து வர்ற மூணு வயர்ல ஏதோ ஒண்ணு தொடல. புல்லட் பிளக்கு மூணையும் உருவி, பிளந்த பின்னை கொஞ்சம் விரிச்சு திரும்ப சொருகுங்க. சென்சார் மோட்டார்னா அந்த மெல்லிய சென்சார் வயரையும் பாருங்க, அதை கழட்டிட்டு ஓட்டுனா சரியாச்சுன்னா அந்த கேபிள் தான் (நிறைய ஈஎஸ்சி சென்சார் இல்லாமலும் ஓடும்).

இன்னும் உதறுனா மூணு வயரையும் ஈஎஸ்சில இருந்து கழட்டிட்டு கையால ஷாஃப்ட்டை சுத்துங்க. இப்ப ரெண்டு ரெண்டு வயரா சேத்து தொட்டு வச்சு சுத்துங்க, மூணு ஜோடிலயும் ஒரே மாதிரி இழுவை தெரியணும். ஏதாவது ஜோடில இழுவையே இல்லாம வழுக்குனா அந்த காயில் அறுந்திருக்கு, மோட்டார் மாத்தணும். மூணும் ஒரே மாதிரி இருந்தா ஈஎஸ்சில ஒரு பக்கம் போயிருக்கலாம், நண்பர் வண்டில உங்க மோட்டாரை மாட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உங்க ஈஎஸ்சியை அவர் மோட்டார்ல மாட்டாதீங்க, கெட்ட ஈஎஸ்சி நல்ல மோட்டாரையும் சேத்து கொல்லலாம்.

## சார்ஜர் எர்ரர் காட்டுது, இல்ல பேட்டரி உப்பிருச்சு

பேலன்ஸ் பிளக்கு சின்ன பின்னு பின்னாடி தள்ளிப்போனாலே சார்ஜர் எர்ரர் காட்டும், முதல்ல அதை பாருங்க. அப்புறம் செக்கர். செல்லுக்கு செல் 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா பேலன்ஸ் மோட்ல மெதுவா ஏத்துங்க, ரெண்டு மூணு தடவைக்கு அப்புறமும் அதே செல் பின்தங்குனா அந்த பேக்கை நம்பாதீங்க. ஏதாவது செல் 3 வோல்ட்டுக்கு கீழ போயிட்டா நிறைய சார்ஜர் ஏத்தவே மாட்டேங்கும். நிக்கல் மோட்ல போட்டு ஏமாத்தி உயிர் கொடுக்கலாம்னு சொல்லுவாங்க, நான் பண்ண மாட்டேன், நீங்களும் வேணாம், ஒரு பேட்டரிக்காக வீட்டை பணயம் வைக்கிற வேலை அது.

நல்ல பேட்டரி சீக்கிரம் சாகுறதுக்கு பெரிய காரணம் ஃபுல் சார்ஜ்லயே வாரக்கணக்கா வைக்கிறது, இல்ல மே மாசம் கார் டிக்கில விடுறது. ஓட்டாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல ஸ்டோரேஜ் மோட் போட்டு வைங்க. 5000 எம்ஏஎச் பேக்குக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும், டைல்ஸ் தரைல வச்சு, பக்கத்துல ஆள் இருக்கணும், மெத்தை மேலயும் சோபா மேலயும் வச்சு சார்ஜ் போடாதீங்க, தூங்கும்போது வேண்டவே வேணாம்.

உப்புன பேக்கை குத்தி காத்து விடலாம்னு நினைக்காதீங்க, தீ பிடிக்கும். சார்ஜும் பண்ணாதீங்க. மொட்டை மாடில, பக்கத்துல எரியுற பொருள் எதுவும் இல்லாம, மணல் போட்ட மண்சட்டில வச்சு, கார் இண்டிகேட்டர்ல வர்ற 12 வோல்ட் 21 வாட்ஸ் பல்பு ஒண்ணை பிளக்குல மாட்டி விட்டுட்டு தள்ளி நில்லுங்க. பல்பு அணைஞ்சு, மறுநாள் மீட்டர்ல ஜீரோ பக்கத்துல காட்டுனதும் பிளக்கை வெட்டி, முனைக்கு டேப் சுத்தி ஈ-வேஸ்ட் எடுக்குறவங்க கிட்ட கொடுங்க, குப்பை வண்டில போட்டுறாதீங்க. தொட்டா சூடா இருக்கு, இனிப்பா ஒரு வாசனை வருது, சத்தம் வருதுன்னா பல்பு வேலை கூட வேணாம், அப்படியே மணல்ல புதைச்சு வெட்டவெளில வச்சுட்டு எல்லாரையும் தள்ளி வரச் சொல்லுங்க. தீ பிடிச்சு பக்கத்துல பரவுற மாதிரி இருந்தா 101க்கு அடிங்க.